மீட்டர் சிமிட்டலில் ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'மின்னோட்டவியல்' நடத்தும்போது ஒரு கேள்வி கேட்பேன்: இரண்டு மாத மின் கணக்கில் அதிகம் செலவாவது மிக்ஸிக்கா, வைஃபை ரவுட்டருக்கா? டி. கல்லுப்பட்டியில் என் மாணவர்கள் பெரும்பாலும் மிக்ஸி என்றே சொல்வார்கள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 500 வாட் மிக்ஸி தினமும் 10 நிமிடம் ஓடினால் 60 நாளில் 10 மணி நேரம். அதாவது 5 யூனிட். 10 வாட் ரவுட்டரோ இரவு பகலாக 1,440 மணி நேரம் ஓடுகிறது, 14.4 யூனிட். எப்போதும் ஓடும் கருவியின் வாட்டை 1.44ஆல் பெருக்கினால் இரண்டு மாத யூனிட் கிடைத்துவிடும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். மின்னணு மீட்டரில் சிறு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்றால், ஒரு சிமிட்டல் 1,125 ஜூல். மின்விசிறி, விளக்கு, ஃப்ரிட்ஜ் ஆகியவற்றை அணைத்துவிட்டு, இரு சிமிட்டல்களுக்கு இடையே எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 1,125ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட். ஃப்ரிட்ஜை ஐந்து நிமிடம் கழித்தே மீண்டும் போட வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மீட்டரைப் பார்க்கலாம், தொடக்கூடாது.

ஒரு மாணவியின் வீட்டில் 45 விநாடி வந்தது. அதாவது 25 வாட். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்.  ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி ஆகியவையே காரணம்.

உடனே எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வதில்லை. அந்த வீட்டில் அக்கா போட்டித் தேர்வுக்கு இணையத்தில் படிக்கிறார், ரவுட்டர் அவசியம். இரவு 8 மணி நேரம் அதை அணைத்தால் 4.8 யூனிட் மிஞ்சும். டிவியையும் செட்டாப் பாக்ஸையும் சுவிட்சிலேயே அணைத்துவிடலாம். எது தேவை, எது பழக்கம் என்று வீட்டாரே முடிவு செய்ய எண்கள் உதவுகின்றன.

தம் கடைசி ஆண்டுகளில் நம் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, முன்பு குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் மாத்தர் தாலுகா கிராமங்களில் குடும்பப் பொருளாதாரத்தைக் கணக்கெடுத்தவர். அவரும் அறிவுரைக்கு முன் அளவையே வைத்தார்.

இச்செயல்பாட்டைச் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின் கட்டணத் தொகையை வகுப்பில் கேட்க வேண்டாம். ஒரு வீட்டின் வசதியும் வறுமையும் அதில் தெரிந்துவிடும். விநாடியும் வாட்டும் மட்டும் கரும்பலகைக்கு வரட்டும்.