'நீங்க சாப்ட்டீங்களா?' - புற்றுநோயாளியைக் கவனிப்பவரிடம் யாரும் கேட்காத கேள்வி!

காலை ஏழு மணி. கோவை அரசு மருத்துவமனை இருக்கும் திருச்சி சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும் கூட்டத்தில் அவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். ஒரு கையில் ரிப்போர்ட் ஃபைல், இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை, தோளில் சாய்ந்தபடி நோயாளி. மனைவியாகவோ, மகனாகவோ, மருமகளாகவோ இருக்கலாம். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசி கீமோ எந்தத் தேதியில் என எல்லாக் கேள்விக்கும் பதில் அவரிடம் இருக்கும். அவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பில்லில் வராத செலவு

புற்றுநோய் என்றதும் ஆஸ்பத்திரி பில்தான் கண்ணுக்குத் தெரியும். பில்லில் வராத செலவுதான் வீட்டை மெள்ள மெள்ள அரிக்கும். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், அதுவும் பல வாரங்கள். சோமனூரில் தறி ஓட்டுபவருக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவருக்கும் அத்தனை நாளும் ஷிப்ட் போச்சு. ஒரே வீட்டில் நோயாளியின் சம்பளமும் நின்று, துணைக்குப் போகிறவரின் சம்பளமும் நிற்கும். முதலில் நகை அடகுக்குப் போகும். பிறகு கறவை மாடு, அதற்கும் பிறகு வட்டிக்குக் கடன்.

அந்த இடத்துக்குப் போகும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் தேவை. பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கும் திட்டமல்ல இது. அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பேசிவிடுங்கள். இலவச எண்: 1800 425 3993.
* அடையாறுக்கோ திருவனந்தபுரத்துக்கோ ரயிலில் போகிறவர்கள், மருத்துவமனையில் சலுகைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவிகிதம் குறைவு.
* படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

'அப்பாகிட்ட சொல்லிராதீங்க!'

பணத்தைவிடக் கனமான சுமை ஒன்று உண்டு. அது ரகசியம். 'என்ன நோய்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்', 'ஊருக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் அமையாது' என்று பல வீடுகளில் மூடி வைக்கிறார்கள். நோயாளி முன்பு சிரித்துவிட்டு, கொல்லைப்புறம் போய் அழ வேண்டியவர் யார்? கவனித்துக்கொள்பவர்தான். பல நேரங்களில் நோயாளிக்கும் விஷயம் தெரிந்தே இருக்கும். இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு தனித்தனியாகத் தவிப்பார்கள். எதை, எப்படிச் சொல்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேசிவிட்டால் பாதி பாரம் இறங்கும்.

எரிச்சல் வரும். 'இது எப்போதான் முடியும்?' என்றுகூடத் தோன்றும். தோன்றிய மறுகணமே குற்ற உணர்ச்சி குத்தும். அது பாவமல்ல, களைப்பு. தூக்கமில்லை, பசியில்லை, தன் சுகர் மாத்திரையைப் போட மறக்கிறோம் என்றால், கவனிக்கிறவருக்கும் கவனிப்பு தேவை என்று பொருள். மனம்விட்டுப் பேச 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது.

டாக்டருக்கும் அதே தவிப்பு

இந்தத் தவிப்புக்குப் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமில்லை. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலி அவரைவிட்டுப் போகவேயில்லை. 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது அதனால்தான்.

உறவுக்காரர்களே... ஒரு நிமிடம்!

நம் பக்கம் விசேஷம் என்றால் சொல்லாமலே வேலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். சமையலுக்கு ஒருவர், பந்திக்கு ஒருவர், மொய் எழுத ஒருவர். நோய் வந்த வீட்டுக்கு மட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய், 'அந்தக் கஷாயம் குடுத்துப் பாத்தீங்களா?' என்று கேட்டுவிட்டு வருகிறோம்.

'ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க' என்றால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, 'வியாழக்கெழமை ஆஸ்பத்திரிக்கு நாங் கூட்டிட்டுப் போறனுங்க', 'சாயங்காலம் மாட்டுக்கு நாந் தண்ணி காட்டிக்கறனுங்க', 'கொழந்தைய ஸ்கூல்ல நாங்க விட்டுர்றோம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டில் ஒருவர் அன்று ராத்திரி ஆறு மணி நேரமாவது தூங்குவார்.

அடுத்த முறை போகும்போது நோயாளியை நலம் விசாரித்த கையோடு, பக்கத்தில் நிற்பவரையும் பார்த்துக் கேளுங்கள்: 'நீங்க சாப்ட்டீங்களா?'