மானா எரிந்தால் பீலி வற்றும்

ஜூலை பிறந்து கச்சான் காற்று எழும்பினால் எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத்து மலைகளில் இரவு நேரம் நெருப்புக்கோடு தெரியும். வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "புல்லுத்தானே சேர் எரியிது, மழை பெஞ்சா திரும்ப முளைச்சிடுமே?" அவன் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருவது இந்த உலர்காற்றுதான். பத்தனைப் புல்வெளியையும் மானாப்புல்லையும் விறகாகக் காயவைப்பதும் இதே காற்றுதான். வனத்திணைக்களம் நட்ட பைனஸ் மரங்களின் பிசினும் உதிர்ந்த ஊசியிலைகளும் தீக்கு எண்ணெய் வார்க்கின்றன. ஆயினும் இங்கே தீ தானாகப் பிடிப்பது மிக அரிது. மாட்டுக்கு இளம்புல் வேண்டியும், வேட்டைக்கும், காணி துப்புரவாக்கவும் மனிதர் வைப்பதே அநேகம். அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டும் போதும்.

புல் திரும்ப முளைப்பது மெய்தான். மண்ணின் கதை வேறு. சருகும் வேரும் பஞ்சுபோல மழைநீரைப் பிடித்து ஊற்றுக்கு அனுப்புகின்றன. அவை கருகிய சரிவில் ஒக்டோபர், நவம்பர் மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நிகழ்ந்த மண்சரிவைக் கண்ட மாவட்டம் இது. அதற்குத் தீ காரணம் என்று நான் சொல்லவில்லை. சரிவு நிலத்தின் பிடிப்பைக் குறைப்பது எவ்வளவு ஆபத்து என்றே சொல்கிறேன். பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியில் சேர்வதால், இங்கே கரையும் மண் கீழ்நாட்டு நீர்த்தேக்கங்கள் வரை போகும்.

நட்டத்தை முதலில் சுமப்பது லயத்துக் குடும்பங்கள். ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய் உருகினால் பீலிக்கு வரும் தண்ணீர் அன்றே நிற்கும். ஓரத்துத் தேயிலைச் செடி வேரோடு கருகினால், மறுநடுகை செய்து கொழுந்தெடுக்க மூன்று ஆண்டுக்கு மேலாகும். அதுவரை அந்த மலையில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால், டவுனில் எங்கட ஆக்கள் நடத்தும் கடைகளின் கடன் கொப்பியும் தடிக்கும். தீ எரிவது தோட்டத்தில் என்றாலும் கணக்கு எல்லோருக்கும் வரும்.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்களுக்குப் பொதுப்பங்கு உண்டு என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம் மலையில் ஒருவன் வைக்கும் நெருப்பு, பலருக்குரிய புல்லையும் நீரையும் அழிக்கிறது. பொதுப்பங்கை ஒருவன் பறிப்பதல்லாமல் இது வேறென்ன?

ஜூன் மாதத்திலேயே ஒரு ஜும்ஆப் பிரசங்கத்தில் இதைச் சொல்லலாம். ஊரும் தோட்டமும் சேர்ந்து ஊற்றைச் சுற்றிப் புல் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை வெட்டலாம். புகை கண்டால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு உடனே அறிவிக்கலாம். அந்த மாணவனுக்கும் இதைத்தான் சொன்னேன்: "புல்லு முளைக்கும் மகன், தண்ணி எங்கயிருந்து வரும்?"