கயிறு நுழையாத கொக்கி! ஒரு புது பிக்கப்பின் உள்கதை

ஷோரூமில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவியைக் கையில் வாங்கியாயிற்று. புது பிக்கப் முதலில் எங்கே போகும்? கோயிலுக்கு என்றால் பாதி விடைதான். கொங்குப் பக்கம் கோயில் வாசலில் கற்பூரம் அணைந்த கையோடு வண்டி நேராகப் போய் நிற்கும் இடம் பாடி கட்டும் பட்டறை!

முட்டைக்கும் லாரி பாடிக்கும் பேர் போன ஊர் நாமக்கல். முட்டை வியாபாரம் செய்யும் என் பெரியப்பா மகன் புதிதாக ஒரு பிக்கப் எடுத்தார். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிய அவரோடு நானும் தொற்றிக்கொண்டேன். ஒரு மூலையில் எலும்புக்கூடாக நிற்கும் லாரி சேஸிஸ். இன்னொரு மூலையில் வாழைத்தார் ஏற்றுவதற்குக் கூண்டு கட்டிக்கொண்டிருக்கும் ‘குட்டி யானை’ மினி லாரி. நடுவே வெல்டிங் பொறி மத்தாப்பாய்ச் சிதறுகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது!

அண்ணன் வாங்கியது நல்ல வண்டி. இழுவையில் குறையில்லை, பிரேக்கில் குறையில்லை. ஆனால் சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருந்தார். ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து கண்ணை உறுத்திய சின்னச் சின்ன எரிச்சல்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பட்டறை மேஸ்திரி அதை வாங்கிப் படித்துவிட்டு, “எல்லாத்துக்கும் காரணம் இருக்குதுங்க தம்பி. வாங்க, ஒண்ணொண்ணாக் காட்டறேன்” என்றார். அடுத்து நடந்ததெல்லாம் எனக்குத் திருவிழாதான்.

கொக்கியில் தொடங்குவோம்

சீட்டில் முதல் எரிச்சல், கயிறு கட்டும் கொக்கி. பாடியின் பக்கச் சுவருக்குக் கீழே சுண்டுவிரல்கூடத் தடிமன் இல்லாத கம்பியை வளைத்து வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். தார்ப்பாய்க் கயிற்றை இரண்டு சுற்று சுற்றினால் கொக்கி நிறைந்துவிடுகிறது. மழையில் நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்கப் போனால் கொக்கிக்கும் தகரத்துக்கும் நடுவே விரல் போகாது. நகம் பெயர்வதுதான் மிச்சம்.

பெரிய கொக்கியாக வைத்தால் என்னவாம்? மேஸ்திரி வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று, பாடியின் விளிம்பிலிருந்து கையைத் தரைக்கு நேராக இறக்கிக் காட்டினார். கொக்கி அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை! “வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா சந்துல ஒரசிட்டுப் போற பைக்குக்காரன் காலைக் கிழிச்சிருமுங்க” என்றார். கயிறு கட்டுகிறவரின் விரலைவிட, ரோட்டில் போகிறவரின் காலுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள். குட்டிக் கொக்கிக்குள் எவ்வளவு பெரிய அக்கறை பாருங்கள்!

பட்டறையில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. கொக்கியை வெளிப்பக்கம் நீட்டாமல் கீழ்ப்பக்கம் நீட்டுகிறார்கள். தடித்த கம்பியைச் சூடேற்றி வளைத்து, அதே இடத்தில், அதே கோட்டுக்குள், ஆனால் ஆழமாக இறக்கிப் பற்றவைக்கிறார்கள். முழுக் கையும் உள்ளே போகிறது.

பற்றவைக்கும் முன் பையன் ஒருவன் ஓடிப்போய் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினான். இன்றைய வண்டியில் எஞ்சினை ஆள்வது ஒரு குட்டிக் கணினி. வெல்டிங் மின்சாரம் வழி தவறி அதற்குள் புகுந்தால் கதை முடிந்தது. அதனால்தான் எர்த் கிளிப்பையும் பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் மாட்டுகிறார்கள். பழைய லாரியில் பழகிய கைகள் புது வண்டிக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது கைதட்டத் தோன்றியது.

முட்டை ஆடுகிறது, ஏன்?

இரண்டாவது எரிச்சல், பாடியின் தளம். மேடும் பள்ளமுமாக நீளவாக்கில் வரிவரியாக ஓடும் தகரம். அட்டைக்கு 30 முட்டை. அட்டைமேல் அட்டையாக அடுக்கும்போது, அடியட்டை ஒரு மேட்டில் பாதியும் பள்ளத்தில் பாதியுமாக உட்கார்ந்தால் அடுக்கு முழுக்க ஆடுகிறது.

இந்த வரிகள் அலங்காரமில்லை. தட்டையான மெல்லிய தகரத்தின் மேல் மூட்டையை வைத்தால் தொய்ந்துவிடும். அதே தகரத்தை மடித்து மேடு பள்ளமாக்கினால், எடை கூடாமலே விறைப்பு பல மடங்கு கூடும். நீளவாக்கில் ஓடுவதற்கும் காரணம் உண்டு. மணல் ஏற்றினால் மண்வெட்டி இடறாமல் வழுக்கிப் போகும். மூட்டையை உள்ளே தள்ளினால் சறுக்கிக்கொண்டு போகும். கழுவிவிட்டால் தண்ணீர் பின்பக்கம் வடியும். மணலுக்கும் மூட்டைக்கும் சரி, முட்டைக்குத்தான் சரிப்படவில்லை!

“செக்கர் பிளேட் அடிச்சிருங்க மேஸ்திரி” என்றார் அண்ணன். மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 3 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ. தளம் நான்கு சதுர மீட்டர் என்றால் 94 கிலோ. வண்டியின் மொத்த எடைக்கு அனுமதித்த வரம்பு மாறாது. பாடியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறையும். 55 கிராம் முட்டை என்று வைத்தால் ஓர் அட்டை முட்டை 1.65 கிலோ. “ஒவ்வொரு நடையும் அம்பத்தேழு அட்டையை எறக்கி வெச்சிட்டுப் போகோணும். சம்மதமுங்களா?”

அண்ணன் வாயடைத்து நின்றார். முடிவில் 12 மி.மீ. பிளைவுட் பலகையும் அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்பும் போதும் என்று தீர்ந்தது. பிளைவுட்டின் எடை அந்தத் தகட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பலகையைத் திருகாணியால் பொருத்துகிறார்கள். நாளைக்கு மணல் ஏற்ற வேண்டுமென்றால் கழற்றிவிடலாம்.

உயரத்துக்கு ஒரு கதை

லோடு ஏற்றுகிறவர்களின் புகார் ஒன்றும் சீட்டில் இருந்தது. தளம் ஏன் இவ்வளவு உயரம்? இடுப்பு வரை தூக்க வேண்டியிருக்கிறதே!

பின்சக்கரத்துக்கு மேலே குனிந்து பார்த்தால் விடை கிடைக்கும். தளம் சக்கரத்துக்கு மேலாக ஓடுவதால்தான் உள்ளே எந்த இடத்திலும் புடைப்பில்லை. மூலை முடுக்கெல்லாம் சமதளம். மூன்று பக்கக் கதவையும் இறக்கிவிட்டால் வண்டி ஒரு மேடையாகிவிடும். சந்தையில் எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கமாக ஏற்றி இறக்கலாம்.

அமெரிக்கப் பிக்கப்புகளில் இது தலைகீழ். அங்கே தளம் தாழ்வு. அதனால் இரண்டு பக்கமும் சக்கரப் புடைப்புகள் உள்ளே எட்டிப் பார்க்கும். பெரிய பிக்கப்புகளில் அந்த இரண்டு புடைப்புகளுக்கும் நடுவே 4 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டிருப்பார்கள். 8-க்கு 4 பிளைவுட் பலகை தட்டையாகப் படுக்க வேண்டுமே! அங்கே தச்சருக்காக ஓர் அளவு, இங்கே சந்தைக்காக ஓர் அளவு.

அந்த மர்மத் திருகு

இனி கேபினுக்குள் ஏறுவோம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு. அதில் 0, 1, 2, 3 என்று எண்கள். திருகினால் சத்தமில்லை, காற்றில்லை, எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. “எதுக்குன்னே தெரியாம ஒண்ணை வெச்சிருக்கான்” என்பது அண்ணனின் புகார்.

மேஸ்திரி வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி முகப்பு விளக்கைப் போட்டார். திருகை 0-விலிருந்து 3-க்குக் கொண்டுபோனார். சுவரில் விழுந்த வெளிச்சம் மெதுவாகக் கீழே இறங்கியது! பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதைச் சரிசெய்யத்தான் இந்தத் திருகு. காலி வண்டிக்கு 0, முழு பாரத்துக்கு 3. இரவு ஓட்டம் ஓடுகிற ஒவ்வொரு டிரைவருக்கும் ஷோரூமிலேயே இதைச் சுவரில் அடித்துக் காட்ட வேண்டும். எதிரே வரும் உயிரைக் காக்கிற திருகுக்கு ஒரு வரி விளக்கம்கூட ஒட்டாமல் விட்டது பெரிய குறை.

இருக்கைச் சூடு பற்றியும் ஒரு வரி. எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மூக்கை நீட்டாமல் எஞ்சினை உள்ளே மடித்து வைத்ததால் மிச்சமான நீளம் முழுவதும் பாடிக்குப் போயிருக்கிறது. சரக்குக்குக் கிடைத்த இடத்துக்கு டிரைவரின் முதுகு விலை கொடுக்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம். இந்தக் குட்டி வண்டிகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. வர வேண்டும். வெயில் எடை பார்த்து அடிப்பதில்லை.

இன்னோர் எரிச்சல், டேஷ்போர்டில் அடிக்கடி எரியும் ஒரு மஞ்சள் விளக்கு. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துத் தீர்க்கும். அதற்கு நல்ல சூடு வேண்டும். சூட்டுக்கு நிற்காத ஓட்டம் வேண்டும். கடை கடையாக நின்று நின்று போகிற முட்டை வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? சேலம் – கரூர் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள் என்றார் மேஸ்திரி. விளக்கு மிரட்டவில்லை, ஓட்டம் கேட்கிறது!

கைவைக்கக் கூடாத இடம்

கடைசியாக, எனக்கு உச்சபட்ச ஆனந்தம் தந்த இடம். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தோம்.

அண்ணனின் பெரிய மனக்குறை குலுக்கல். காலையில் முழு பாரத்தோடு கிளம்பும்போது வண்டி மெத்தென்று போகிறது. கடைகளில் இறக்க இறக்கக் குலுக்கல் ஏறுகிறது. ஆகக் கடைசிக் கடைக்குப் போகிற முட்டைதான் அதிகம் அடிபடுகிறது. பின்னச்சில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் ஒரு டன்னுக்கு மேல் தாங்குவதற்காக அளந்து வைத்தவை. நூறு கிலோ மட்டும் இருக்கும்போது அவை வளைய மறுக்கின்றன, பள்ளத்தின் அடியை அப்படியே மேலே அனுப்புகின்றன. எல்லாப் பாரத்துக்கும் ஒரே மென்மை தரும் பட்டை கிடையாது. கடைசிக் கடையின் முட்டையைப் பின்னச்சுக்குப் பின்னே தொங்கும் பகுதியில் வைக்காமல் கேபினுக்குப் பக்கமாக நகர்த்தினால் அடி குறையும் என்று மேஸ்திரி வழி சொன்னார். செலவே இல்லாத மருந்து!

பிறகு அவர் டார்ச் அடித்து ஒன்றைக் காட்டினார். சேஸிஸில் ஒரு சின்ன வால்வு. அதிலிருந்து பின்னச்சுக்கு ஒரு மெல்லிய கம்பி. பார்த்தால் யாரோ மறந்துவிட்டுப் போன கம்பி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதுதான் வண்டியின் எடை பார்க்கும் ஆள்! பாரம் ஏறி பாடி அமுங்கும்போது கம்பி நகர்கிறது; வால்வு திறந்து பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தத்தை விடுகிறது. காலியாக இருக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கிறது, பின்சக்கரம் இறுகி வண்டி வழுக்காமல் இருக்க.

“நெறையப் பேரு, பாரம் ஏத்தினா வண்டி படுக்குதுன்னு இன்னொரு பட்டை சேர்த்தச் சொல்லுவாங்க. நான் செய்யறதில்லைங்க” என்றார். ஏன் தெரியுமா? பட்டை சேர்த்தால் பாடி அமுங்காது. அமுங்காவிட்டால், முழு பாரம் இருக்கும்போதும் வண்டி காலி என்று அந்தக் கம்பி வால்வுக்குச் சொல்லும். பின்பிரேக் பாதிக் கையோடு பிடிக்கும். பட்டை சேர்த்தவருக்கு வண்டி நிமிர்ந்து நிற்பது மட்டும் தெரியும். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும் வரை மற்றது தெரியாது.

பட்டறைக்கு இப்படி ஒரு மனசாட்சி இருப்பதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோனது. சட்டமும் அதையே சொல்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடைபோடுகிறது. அதனால் கூண்டு உயர்த்துவது பற்றி அண்ணன் பேச்செடுத்ததும், “மொதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க” என்று வந்தது பதில். புதுக் கொக்கிக்கு வண்ணம் அடித்த கையோடு, ஒளிபட்டால் மின்னும் பட்டைகளைத் துடைத்துச் சரிபார்த்தார்கள்: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

வண்டி வடிவமைப்பவர் முன்னால் ஆயிரம் விதமான சரக்கு நிற்கிறது. மணலுக்கும் முட்டைக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் பந்தல் சாமானுக்கும் பொதுவாக ஒரே பாடி செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு. உங்கள் சரக்கு இன்னதென்று அவருக்குத் தெரியாது; பட்டறைக்குத் தெரியும். ஆகவே பிக்கப் வாங்கப் போகிறவர்களே, வெறும் கையோடு ஷோரூமுக்குப் போகாதீர்கள். நீங்கள் கட்டும் கயிற்றில் ஒரு முழமும், நீங்கள் அடுக்கும் பெட்டியில் ஒன்றும், ஓர் அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். கொக்கியில் கயிற்றை மாட்டிப் பாருங்கள், தளத்தில் பெட்டியை வைத்து ஆட்டிப் பாருங்கள், வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் கம்பியைத் தேடுங்கள். திருகு எதற்கு, விளக்கு எதற்கு என்று விற்பனையாளரை விடாமல் கேளுங்கள். முன்பணம் கட்டுவது அதற்கப்புறம்.