லேண்டூர் மலையில் ஒரு பள்ளிக்கூடம்

என் தங்கை கணவருக்கு ஆப்பிரிக்காவில் எண்ணெய் நிறுவன வேலை. பெண்ணை இந்தியாவில் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவானதும், டில்லியில் குடியிருக்கும் ஒரே காரணத்துக்காக 'லோக்கல் கார்டியன்' பதவி என்னைத் தேடி வந்தது. சம்பளம் இல்லாத உத்தியோகம். கவலை மட்டும் உண்டு. நம் அன்பர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

சென்ற ஆண்டு மே மாதம் குழந்தையை அழைத்துக்கொண்டு காலை சதாப்தியில் டேராடூன் போய் இறங்கினோம். அங்கிருந்து மசூரிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். மசூரி கூட்டத்தைத் தாண்டி, குறுகலான லேண்டூர் கடைவீதி வழியாக வண்டி ஊர்ந்து போனால் உட்ஸ்டாக் பள்ளி. மிஷனரிகளின் முயற்சியில் 1854ல் பெண்கள் பள்ளியாக ஆரம்பித்தது. பிற்பாடு, இங்கே ஊழியம் செய்த அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பாமல் பக்கத்திலேயே படிக்கவைக்க உதவியாக வளர்ந்தது. வெள்ளைக்கார வேடத்தில் வந்து சுத்தமான இந்தி பேசுவாரே நடிகர் டாம் ஆல்டர், அவர் இங்கே படித்தவர்தான். இன்று பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். இந்தியப் பிள்ளைகளும் நிறைய.

இருநூற்றைம்பது ஏக்கர் என்றார்கள். எங்கே என்று தேடினேன். எல்லாம் செங்குத்தான சரிவு! தேவதாரு, ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு கட்டடம் இங்கே, இன்னொன்று நூறடி கீழே. விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவே படிகள், படிகள், மேலும் படிகள். நான் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். குரங்குகள் வேடிக்கை பார்த்தன. பிள்ளைகளோ புத்தகப் பையோடு பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். விளையாட்டு மைதானம், உள்ளரங்கம், பார்க்கர் ஹால் என்ற பெரிய அரங்கு எல்லாம் உண்டு. அவற்றைப் பற்றிப் பள்ளியின் விளம்பரப் புத்தகமே சொல்லிவிடும். எனக்குப் பிடித்தது சங்கீதப் பிரிவு. பியானோ, வயலினோடு தபலா, சிதார் சத்தமும் இந்த மலையில் கேட்பது உண்டு. நம் பெண் வயலின் கற்பவள். அதுவரை உம்மென்று வந்தவள், அந்த வாசலில்தான் முதல்முறையாக, "மாமா, உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்றாள்.

விடுதியில் பிள்ளைகளோடேயே தங்கிக் கவனித்துக்கொள்ள 'டார்ம் பேரண்ட்' என்று பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். வாடகைப் பெற்றோரா என்று மனசுக்குள் குறும்பாக நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஜுரம் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பவர் அவர்தான் என்று உறைத்ததும் அந்தக் குறும்பு போய்விட்டது. அக்டோபரில் ஒரு வாரம் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, கூடாரம் தூக்கிக்கொண்டு கர்வால் மலைகளில் நடக்கப் போகிறார்கள். குளிருக்காக டிசம்பர் நடுவிலிருந்து நீண்ட விடுமுறை. டில்லிப் பள்ளிகளின் விடுமுறைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. கார்டியனாகும் அன்பர்கள் முன்கூட்டியே ரஜாய் தைத்து வைப்பது நலம். கட்டணம் ஆண்டுக்கு 15 லட்சத்துக்கும் மேல். கம்பெனி கொடுத்தால்தான் நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகும். எனக்கு அது கட்டாது என்பதை மறைப்பானேன்?

எங்கள் வீட்டில் உண்மையான தகராறு கட்டணத்தால் வரவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவால் வந்தது. அவளுக்குக் காது அறவே கேட்காது, தொலைபேசி பயனில்லை. ஆங்கிலம் தெரியாது. பேத்திக்கோ தமிழ் பேச வரும், எழுத்து மட்டும் தடுக்கும். நாங்கள் பார்த்த பாடப்பட்டியலில் தமிழ் இல்லை. இமயமலையில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. "அப்புறம் அவளுக்கும் எனக்கும் என்னடா பேச்சு?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கையும் தொலைபேசியில் அழுதாள். சேர்ப்பதையே நிறுத்திவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். கடைசியில் பெண்ணே ஒரு வழி சொன்னாள்: மாதம் ஒரு கடிதம், தமிழில், பாட்டிக்கு.

ஜூலைக் கடைசியில் கொண்டுபோய் விட்டோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலையணை உறை, டார்ச், ஊறுகாய் பாட்டில், கூடவே நான் சரோஜினி நகரில் வாங்கிய தமிழ் நாலுவரி நோட்டு. விடைபெறும்போது அவள் அழவில்லை. என் மனைவிதான் டேராடூன் வரை கைக்குட்டையை மடியில் வைக்கவில்லை.

செப்டம்பரில் முதல் கடிதம் கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. "பாட்டி, இங்கே தினமும் மலை பெய்கிறது. மழை மேல் ஏறி ஏறிக் கால் வலிக்கிறது" என்று ஆரம்பித்திருந்தாள். அம்மா அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினாளாம். பிறகு சிவப்பு மையில் திருத்தி, நூற்றுக்கு நாற்பது மார்க் போட்டு, கீழே ஒரு பக்கம் பதிலும் எழுதி லேண்டூருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

அடுத்த கடிதத்தில் அறுபத்திரண்டு.