தலையிடியும் பெருவிரலும்

தலையிடி வந்தவருடைய கைகளைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஒருவரும் கற்பியாமலே அவருடைய விரல்கள் நெற்றிப்பொட்டையும் புருவத்தையும் பிடரியையும் தேடிச் செல்கின்றன. விடைத்தாட் கட்டின் முன் அமர்ந்த ஆசிரியர், இரவு பத்து மணிக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புருவ மத்தியைப் பிடித்துக்கொள்வதும், பேரனின் நெற்றியைப் பாட்டி அழுத்திவிடுவதும் ஒரே வைத்தியந்தான். அதனை இடமறிந்து செய்வது எப்படி, எப்போது செய்யாது விடுவது என்பவற்றையே இங்கு கூற விரும்புகிறேன்.

இப்பழக்கத்தைச் சாத்திரமாக வளர்த்தவர் சீனர். ஹூனான் மாகாணத்தில் மாவாங்துய் என்னும் இடத்திலே, கி.மு. 168 இல் மூடப்பெற்ற புதைகுழி ஒன்று 1973 ஆம் ஆண்டு அகழப்பட்டபோது, பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் வெளிப்பட்டன. உடலினூடே ஓடுவதாகக் கருதப்பட்ட பதினொரு வழிகள் அவற்றிற் கூறப்பட்டிருந்தன. அவ்வழிகளில் இன்ன இன்ன இடம் என்று பெயரிட்டுக் குறித்தவை பின்னெழுந்த நூல்கள். நம் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் 361 இடங்களை வரையறுத்துள்ளது. வீட்டிலே தலையிடி தணிக்க நான்கு இடங்கள் போதும்.

அந்நான்கின் பெயர்களே தனிச்சுவை உடையவை. கையிலுள்ளது ‘ஹெகு’; கூடும் பள்ளத்தாக்கு என்பது பொருள். பிடரியிலுள்ளது ‘பெங்ச்சி’, அதாவது காற்றுக் குளம். புருவத்தின் உள்முனையில் உள்ளதற்கு மூங்கிற் கட்டு என்று பெயர். நெற்றிப்பொட்டை ஞாயிறு என்று அழைத்தனர். மலையும் நீரும் மரமும் ஞாயிறுமாக உடம்பையே ஒரு நிலப்பரப்பாகக் கண்ட மக்கள் அவர்கள்.

பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்தால் அவற்றின் இடையே தசை சிறு மேடாக எழும். அம்மேட்டின் உச்சியே கூடும் பள்ளத்தாக்கு. விரல்களைத் தளர்த்திவிட்டு, மற்றைக் கையின் பெருவிரலை மேலும் சுட்டுவிரலைக் கீழுமாக வைத்து, சுட்டுவிரலின் அடி எலும்பை நோக்கி அழுத்துக. சரியான இடமாயின் மந்தமான ஒரு நோவு தோன்றும். கூரிய வலி தோன்றினால் அழுத்தம் மிகுதி. இரண்டு மூன்று நிமிடம் மெல்ல வட்டமாகத் தேய்த்து அழுத்தியபின் மறுகையிலும் அவ்வாறே செய்க. கருவுற்ற பெண்களுக்கு இவ்விடத்தை அழுத்தலாகாது என்பது சீன மருத்துவர் வழிவழியாகக் கூறிவரும் விலக்கு. அதனைப் பேணுவதால் நட்டமொன்றும் இல்லை.

காற்றுக் குளமே என் எண்ணத்தில் நால்வகையிலும் சிறந்தது. மண்டையோடு முடியும் இடத்தின் கீழே, பிடரித் தசைகளின் இருபுறமும் இரண்டு பள்ளங்கள் உண்டு. இரு பெருவிரல்களையும் அங்கு ஊன்றி, மற்றை விரல்களால் தலையைத் தாங்கிக்கொண்டு, தலையைச் சிறிது பின்னே சாய்த்து விரல்களின்மேல் இருத்துக. தலையின் பாரமே போதிய அழுத்தமாகும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் எடையுள்ளது. புத்தகத்தின்மேற் குனிந்திருக்கும் மணிக்கணக்கான நேரமெல்லாம் அதனை விழாமற் பிடித்திருப்பவை பிடரித் தசைகள். அவை இறுகியதனால் எழும் நோவு, தலையைச் சுற்றிக் கயிறு கட்டியது போலத் தோன்றுகின்றது. ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் படும் தலையிடி இதுவே. புருவ முனையையும் நெற்றிப்பொட்டையும் இவ்வளவு வலிந்து அழுத்தவேண்டுவதில்லை. விரல் நுனியால் மெல்லத் தேய்த்தாற் போதும். கழுத்தின் முன்புறத்தையும் பக்கங்களையும் ஒருபோதும் அழுத்தலாகாது. மூளைக்குச் செல்லும் பெருங்குருதிக் குழாய்கள் அங்கே உள்ளன.

நம் சித்த மருத்துவத்தின் வர்ம நூல்களும் புருவ மத்தியைத் திலர்த காலம் என்றும் பிடரியிலோர் இடத்தைப் பிடரிக் காலம் என்றும் குறிக்கும். இதைக்கொண்டு, சீனர் நம்மிடம் கற்றனர் என்று சாதிக்கும் அன்பர்கள் உளர். அவர் கூற்றை நான் ஏற்கேன். தலையின் அமைப்பு எந்நாட்டார்க்கும் ஒன்றே. நொந்த இடத்தை விரல் தானே கண்டுகொள்ளும்.

இதனாற் பயன் உண்டா என வினவுவோர்க்கு நேர்மையான விடை, ஓரளவு உண்டு என்பதே. 1965 இல் மெல்சாக், வோல் என்னும் இருவர் ஒரு கொள்கையை வெளியிட்டனர். தொடுதலும் அழுத்துதலும் எழுப்பும் உணர்ச்சி, முண்ணாணிலே ஒரு வாயிலை அடைப்பது போல வலியின் செய்தியைத் தடுக்கின்றது என்பது அது. அதன் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டபோதும் அடிப்படை நிலைத்துள்ளது. ஊசி மருத்துவத்தை ஆராய்ந்தோர், உரிய முறையிற் குத்தப்பட்டோர்க்கும் போலியாகக் குத்தப்பட்டோர்க்கும் இடையே கண்ட வேறுபாடு சிறிதே. விரலால் அழுத்துதல் பற்றிய ஆராய்ச்சிகளோ குறைவு. ஆதலின் புள்ளி ஓர் அங்குலம் விலகிவிட்டதே என அஞ்சவேண்டாம். உயிர்ச்சக்தி ஓடும் வழியை எவரும் உடம்பை அறுத்துக் கண்டதுமில்லை.

பின் ஏன் இதனைப் பரிந்துரைக்கின்றேன்? மாத்திரையை நினைந்துதான். தலையிடிக்கென மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போன்றவற்றை விழுங்கிச் சில மாதங்கள் கழிந்தால், அம்மாத்திரையே தலையிடியை விளைக்கத் தொடங்கும். பரீட்சைக் காலத்திலே தொடங்கி, பரீட்சை முடிந்தபின்னும் மாத்திரை அட்டையைக் கைவிடாத மாணவர் உளர். பத்து நிமிடம் கதிரையிற் சாய்ந்து, கண்ணை மூடிப் பிடரியை அழுத்திப் பார்த்தபின் மாத்திரையை எடுப்பதெனப் பழகினால், எடுக்கவேண்டிய நாட்கள் குறையக்கூடும். தண்ணீர் குடியாமையும் காலைப் பட்டினியும் காரணமாயின் விரல்கள் என்ன செய்யும்? முதலில் அவற்றைக் கவனித்தல் நன்று.

விரலை எடுத்துவிடவேண்டிய வேளைகளும் உள. கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சத்தை எட்டிய தலையிடி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வந்தது, தலையில் அடிபட்டபின் எழுந்தது, நாக்குழறலோ கைகால் சோர்வோ சேர்ந்தது ஆகியவற்றுக்கு அழுத்திக்கொண்டு காத்திருத்தல் ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், முன்பில்லாதவாறு நெற்றிப்பொட்டிலே நோகின்றது, சீப்புப் பட்டாலும் தாங்கவில்லை, உணவை மெல்லும்போது தாடை உளைகின்றது என்று சொன்னால், அங்குள்ள குருதிக் குழாய் அழற்சியுற்றிருத்தல் கூடும். அவரது நெற்றிப்பொட்டைத் தேய்த்துவிட முற்படாது அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்க. சில நாள் தாமதத்தில் கண்பார்வை போய்விடுவதுண்டு.