இரு லிபிகளுக்கு நடுவே திணறும் குழந்தை

1911-இல் வடஆற்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்ட சித்தூர் ஜில்லா, 1960-இல் திருத்தணியைச் சென்னை ராஜ்யத்துக்குக் கொடுத்துச் சத்தியவேட்டைப் பெற்றுக்கொண்டது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தேசப்படத்தில் இத்தனை முறை கோடு கிழித்தும், நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் பாஷையின் எல்லை இன்றும் பல வீடுகளுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினால், "வீட்டிலே தமிழ், பள்ளிக்கூடத்திலே தெலுங்கு, அதற்கு மேல் இங்கிலீஷ், குழம்பாமல் என்ன செய்வான்?" என்ற சமாதானம் எளிதில் கிடைத்துவிடுகிறது. அநேகக் குழந்தைகளின் விஷயத்தில் அது உண்மையே. உண்மையாகாத சில குழந்தைகளோ, அந்தச் சமாதானத்தின் மறைவிலேயே ஐந்தாறு வகுப்புகளைக் கடந்து, கடைசியில் மக்கு என்ற பட்டத்தோடு வெளியே வருகிறார்கள்.

அத்தகைய குழந்தைகள் பலரிடம் இருக்கும் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டை, 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில வைத்தியர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனிடம் கண்டு விவரித்தார். கணக்கில் சமர்த்தனாயிருந்த பெர்சி என்னும் அச்சிறுவன், தன் பெயரையே எழுத்து முன்பின்னாக 'பிரெசி' என்று எழுதினான். பிறவியிலேயே வந்த 'சொற்குருடு' என்று மார்கன் அதை அழைத்தார். ஆனால், கண்ணைக் காட்டிலும், சொல்லைத் தனித்தனி ஓசைகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஓசையையும் அதற்குரிய எழுத்தோடு பிணைக்கும் மூளைச் செயலிலேயே பிரதான இடர்ப்பாடு இருக்கிறதென்று பிற்கால ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. புத்தியின் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வம்ச பரம்பரையாக வருவது மட்டும் சகஜம்.

ஒரே குறைபாடு லிபிக்குத் தக்கபடி வேஷம் மாற்றிக்கொள்கிறது. ஓசையும் எழுத்தும் பெரும்பாலும் ஒத்துப்போகும் இத்தாலியத்தில் பிழை குறைந்து தாமதம் மிகுகிறது. ஒழுங்கற்ற ஆங்கிலத்திலோ பிழையும் தாமதமும் ஒருங்கே வருகின்றன. ஆயினும் 2001-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், டிஸ்லெக்சியா உள்ள ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் ஆகிய மூவகையினரிலும் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதியே மந்தமாக இயங்கக் காணப்பட்டது. நம் லிபிகளின் தன்மையோ வேறு. தமிழில் 'தேர்' என்று எழுதும்போது ஏகாரக் குறி முன்னே நிற்கிறது; உச்சாரணத்தில் தகர மெய்யே முன்னே வருகிறது. தெலுங்கில் அதே குறி எழுத்தின் தலைமேல் ஏறிக்கொள்கிறது. நாம் 'அக்கா' என்று வரிசையாக எழுதுவதை, தெலுங்கர் 'அக்க' என்று சொல்லி, இரண்டாவது ககரத்தை முதலாவதன் கீழே 'ஒத்து' என்னும் துணை எழுத்தாகத் தொங்கவிடுகிறார்கள். இந்த இரண்டு லிபிகளையும் ஏககாலத்தில் பழகும் எந்தக் குழந்தையும் சிறிது தடுமாறத்தான் செய்யும்.

அப்படியானால், புது லிபியால் வரும் தடுமாற்றத்தையும் டிஸ்லெக்சியாவையும் பிரித்தறிவது எவ்வாறு? எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டில் பேசும் பாஷையில், காதுக்கு மட்டும் பரீட்சை வைக்க வேண்டும். 'மரம்' என்பதில் முதல் ஓசையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, 'படம்', 'பழம்' என்ற இரண்டும் எந்த இடத்தில் மாறுபடுகின்றன என்று கேட்கலாம். பழகிய பொருள்களின் படங்களை வரிசையாகக் காட்டி, விரைவாகப் பெயர் சொல்லச் செய்யலாம். தெலுங்கு வாசிப்பில் திணறினாலும் இவற்றில் தயங்காத பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் பழக்கமே. சொந்தப் பாஷையிலும் இவற்றில் தயங்கினால், பார்வையையும் செவியையும் சோதித்தபின், நிபுணரிடம் அழைத்துச் செல்வது அவசியம். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 'டாலி' என்ற சோதனைத் தொகுப்பை இந்திய மொழிகளில் அமைக்க முற்பட்டதும் இக்காரணத்தாலேயே.

கண்டறிந்தபின் வேண்டுவது மருந்தன்று, விசேஷமான போதனை. ஓசை ஓசையாகப் பிரித்து, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதப் பழக்கும் முறை இன்று நிபுணர் கையாளுவது. மணலில் எழுதிப் பழகுவது திண்ணைப் பள்ளிக்கூடமும் அறிந்திருந்ததே. அன்று சித்தூர் ஜில்லாவில் இருந்த மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில், கிராமப் பிள்ளைகளுக்காக உருவான அட்டைவழிக் கல்வி, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படிபோல் ஏறிச்செல்ல இடமளித்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அதைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் என்று நடத்தின. டிஸ்லெக்சியாவுக்கென்று அது பிறக்கவில்லையெனினும், சக மாணவர் முன்னிலையில் உரக்க வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்தாத இத்தகைய வகுப்பே இக்குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. உரிய சான்றிதழ் பெற்றவருக்கு எழுத்துப் பரீட்சையில் மணிக்கு 20 நிமிஷம் அதிகமாகத் தர மத்திய அரசின் வழிகாட்டுதலும் உண்டு. அந்த அவகாசம் நியாயமானதே. எனினும் பத்தாம் வகுப்பில் கிடைக்கும் சலுகையைக் காட்டிலும், இரண்டாம் வகுப்பில், வீட்டுப் பாஷை தெரிந்த உபாத்தியாயர் ஒருவர் பொறுமையாகக் கேட்கும் பத்துக் கேள்விகள் அப்பிள்ளைக்கு அதிக உபகாரம் செய்யும்.