கடவுள் பதில் சொல்றார்... நாம கேட்கிறோமா? ஜெபத்தில் காது கொடுக்கப் பழகலாம்!

'இந்த வேலையில சேரட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க ஆண்டவரே' என்று ஜெபித்துவிட்டு, 'ஆமென்' சொன்ன அடுத்த நொடியே மொபைலை எடுக்கிறவரா நீங்கள்? அப்படின்னா, கேள்வி கேட்டுட்டு பதில் வர்றதுக்குள்ள போனை கட் பண்றீங்கன்னு அர்த்தம். ஜெபத்தில் பாதி பேசுவது, மீதி கேட்பது. இந்த மீதிப் பாதிக்குத்தான் பழக்கம் தேவை.

சாமுவேலுக்கே புரியலை!

பைபிளில் சிறுவன் சாமுவேலைக் கடவுள் ராத்திரியில் கூப்பிடுகிறார். குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று முறை எழுந்து ஓடுகிறான். மூன்றாவது முறைதான் ஏலிக்கே பொறி தட்டுகிறது. ஆலயத்திலேயே வளர்ந்த பையனுக்கே ஆரம்பத்தில் அடையாளம் தெரியவில்லை. அதனால, உங்களுக்கு எதுவும் கேட்கலைன்னா 'எனக்கு விசுவாசம் பத்தலையோ'ன்னு கவலைப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இது காதில் விழும் சத்தமாக வருவதில்லை. மனதைத் தொடும் ஒரு வசனமாக, விலகாமல் நிற்கும் ஓர் எண்ணமாகத்தான் வருகிறது.

ஆசையா, அழைப்பா?

1521-ல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டு, கால் உடைந்து படுக்கையில் கிடந்தார் இஞ்ஞாசியார். வீரசாகசக் கதைகள் கேட்டவருக்குக் கிடைத்தது, இயேசுவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான். போர், புகழ் என்று கனவு கண்டால் அந்த நேரத்துக்கு ஜாலியாக இருந்தது. பிறகு மனசு வறண்டுபோனது. புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தாலோ, அந்தச் சந்தோஷம் பிறகும் தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1540-ல் போப்பின் அங்கீகாரம் பெற்ற இயேசு சபையை நிறுவியவர் இவர்தான்.

தினமும் 10 நிமிடம்

* மொபைலை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

* நற்செய்தியில் ஒரு சின்னப் பகுதியை மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள்.

* மனதில் ஒட்டிக்கொண்ட வார்த்தையோடு அமைதியாக உட்காருங்கள். கவனம் சிதறினால் அந்த வார்த்தைக்கே திரும்பி வாங்க.

* தோன்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

* இரவில், 'இன்னிக்கு எது நிம்மதி தந்தது, எது மனசை வறட்சியாக்குச்சு?' என்று பாருங்கள். சில வாரங்களில் ஒரு வழித்தடம் தெரிய ஆரம்பிக்கும்.

சோதிச்சுப் பாருங்க!

தோன்றியதெல்லாம் கடவுள் குரல் ஆகிவிடாது. அது இயேசு காட்டிய அன்புக்குப் பொருந்துகிறதா? ஒரு வாரம் கழித்தும் நிலைக்கிறதா? நீங்கள் மதிக்கும் ஒரு பெரியவரிடம் மறைக்காமல் சொல்ல முடிகிறதா? 'உனக்காகக் கடவுள் என்கிட்ட சொன்னார், உடனே பணம் கொடு, இவரையே கல்யாணம் பண்ணிக்கோ' என்று யாராவது அவசரப்படுத்தினால் உஷார்! உங்களையோ மற்றவர்களையோ காயப்படுத்தச் சொல்லும் குரல்கள் கேட்டால், தயங்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அமைதியும் ஜெபம்தான்

1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளோடு வாழ அழைக்கப்படுவதாக உணர்ந்தார் அன்னை தெரசா. மறுநாளே பெட்டியைக் கட்டிவிடவில்லை. பேராயரிடம் சொல்லி, அனுமதிக்காகக் காத்திருந்து, 1948-ல்தான் மடத்தை விட்டு வெளியே வந்தார். அதன்பிறகு பல ஆண்டுகள், கடவுள் பக்கத்தில் இருப்பதையே உணர முடியாமல் தவித்திருக்கிறார். 2007-ல் வெளியான அவரது கடிதங்களில்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் ஜெபத்தை விடவில்லை, ஏழைகளையும் விடவில்லை.

ஆகவே, பத்து நாள் உட்கார்ந்தும் ஒண்ணும் கேட்கலையா? பதினோராவது நாளும் உட்காருங்க. நேற்று சரியென்று தெளிவாகத் தெரிந்த ஒரு நல்ல காரியத்தை இன்று செய்யுங்கள். அடுத்த பதில் வரும்வரை அது போதும்.